நாற்பதாயிரம் வயல்களில் என் கணவர்

கருமாதி முடிந்த மறுநாள் காலை, என் கணவர் வயலில் இருந்து என்னைக் கூப்பிட்டார்.

"தையலு, மேல மடையத் தொற. மண்ணு காஞ்சு கெடக்கு. என்ன, சரியா?"

கையிலிருந்த வாளியைப் போட்டுவிட்டு வரப்பில் ஓடினேன். மோட்டார் கொட்டகைப் பக்கத்தில் ஆளுயரக் கம்பத்தில் அரசாங்கத்தின் வயல்பெட்டி நின்றுகொண்டிருந்தது. தலையில் சூரியத் தகடு, வயிற்றில் ஒலிபெருக்கி, காலில் மண்ணுக்குள் இறங்கும் கம்பிகள். பேசியது அதுதான். நான் வாயடைத்து நின்றதால் இரண்டாம் முறை, "என்ன, சரியா?" என்றது. மூன்றாம் முறையும் கேட்டுவிட்டு ஓய்ந்துவிட்டது. சரி என்று சொன்னால் உடனே நிறுத்தும், சொல்லாவிட்டால் மூன்று தடவை கேட்டுவிட்டு நிறுத்தும், அப்படித்தான் அதை அமைத்திருந்தார்கள்.

உயிரோடு இருந்தபோது அவர் மூன்றோடு நிறுத்தியதில்லை. எதைச் சொன்னாலும் கடைசியில் "என்ன, சரியா?" என்பார். நான் ஒருநாளும் சரி என்று சொன்னதில்லை. "சரியில்லன்னா என்ன பண்ணுவீங்க?" என்பேன். அவர் மறுபடி முதலில் இருந்து விளக்குவார். நான் மறுபடி மறுப்பேன். எங்கள் குடும்பம் அப்படித்தான் ஓடியது, நன்றாகவே ஓடியது. பெட்டிக்கு மட்டும் நான் பதில் சொன்னதே இல்லை. செத்தவரிடம் சண்டை போட முடியாது. சண்டை இல்லாமல் அவரிடம் பேசி எனக்குப் பழக்கமும் இல்லை.

அந்தக் காலத்தில் அரசாங்கத்துக்கு மண்ணின் மேல் திடீர்ப் பாசம் வந்திருந்தது. மண்ணுயிர்த் திட்டம் என்று பெயர். உரமும் விஷமும் இல்லாமல் விவசாயம் செய்கிறவனுக்கு ஒரு பசு, ஒரு டிரம், வெல்லம், விளைந்த நெல்லுக்கு நல்ல விலை. கூடவே வரப்புக்கு வரப்பு ஒரு வயல்பெட்டி. மண்ணின் ஈரம், சூடு, புழுவின் நடமாட்டம், காற்றின் திசை, பூச்சியின் இறகுச் சத்தம் எல்லாவற்றையும் அது கவனித்து, அன்றன்றைக்கு என்ன செய்ய வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்லும். முதலில் ரயில்வே ஸ்டேஷன் அறிவிப்பு மாதிரி ஒரு தேன்குரலைப் போட்டிருந்தார்கள். எங்கள் கீழச்செருவை ஆட்கள் அந்தப் பெட்டியின் மேல் ஈரத்துண்டைக் காயப்போட்டார்கள்.

பிறகுதான் ரிஸ்வானா வந்தாள். நாகூர்ப் பெண், வேளாண்மைத் துறையில் புதிதாகச் சேர்ந்திருந்தாள். ஒரு கூட்டத்தில் என் கணவர் சிவக்கொழுந்து பேசியதைக் கேட்டிருக்கிறாள். மழை பெய்தால்கூட எழுந்து உள்ளே போகாமல் ஜனங்கள் கேட்கும் பேச்சு அவருடையது. "உங்க குரலக் குடுங்க அண்ணே" என்று மைக்கோடு ஒரு மாதம் அவர் பின்னால் சேற்றில் நடந்தாள். அவரும் ஊர்க்காரன் ஒவ்வொருத்தனையும் பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பேசினார், என்னைத் திட்டினார், மகளைக் கொஞ்சினார், மைக்கைப் பார்த்து "இது என்ன சாப்புடும்?" என்று கேட்டார். எல்லாம் உள்ளே போனது.

குரலைக் கொடுத்த அந்த வருஷம் ஐப்பசி மழையில் மடை பார்க்கப் போனார். இடி விழுந்தது. பெட்டியின் மேல் விழவில்லை, அவர் மேல் விழுந்தது.

கருமாதிக்கு மறுநாளில் இருந்து அவர் எங்கள் மாவட்டம், பக்கத்து மாவட்டம், அதற்கும் அப்பால் என்று நாற்பதாயிரம் வயல்களில் பேசினார். ஜனங்கள் கேட்டார்கள். செத்துப்போன வயல்களில் மண்புழு வந்தது, கொக்கு வந்தது. மந்திரிமார்கள் வந்தார்கள். நான் பால்வாடி டீச்சராகவே இருந்தேன்.

அடுத்த வயல் வைரக்கண்ணுவுடையது. அவன் என் கணவரை அண்ணே என்பான். அவன் பெண்டாட்டி செந்தாமரைக்கு அவர் மாமா. அவள் நாற்றுப் பறித்துக்கொண்டே பெட்டியோடு வம்பளப்பாள். "மாமா, இன்னைக்குக் குரல் கரகரங்குதே, அக்கா மொளகு ரசம் வெக்கலியா?" என்பாள். பிறகு என்னைப் பார்த்துக் கண்ணடிப்பாள். "ஒங்க வூட்டுக்காரரு எங்கிட்டதான்க்கா நெறைய பேசறாரு. ஒங்களுக்கு மூணு தடவதான்." அவள் சொன்னதில் எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட இருந்தது, இப்போது சொன்னால் என்ன.

மகள் மகிழினிக்கு அவர் போகும்போது நான்கு வயது. அவளுக்கு அப்பா என்றால் பெட்டிதான். பள்ளிக்கூடம் விட்டதும் பையோடு கொட்டகைக்குத்தான் போவாள். "அப்பா, கணக்குல தொண்ணூறு" என்பாள். அதற்கு அது, "பாப்பா, தெக்கு மூலையில ஈரம் கம்மியா இருக்கு" என்று சொல்லும். இவள் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு குதித்துக்கொண்டு வீட்டுக்கு வருவாள். அவள் தாவணி வயசுக்கு வந்த பிறகும் அது பாப்பா என்றுதான் கூப்பிட்டது. அவளுக்கு அதில் குறை ஒன்றும் இல்லை.

அவருடைய பழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சாணம், கோமியம், வெல்லம் போட்டு ஊறவைக்கும் கரைசலை எல்லா ஊரிலும் குச்சியால்தான் கலக்குவார்கள். அவர் குச்சியைத் தொடவே விடமாட்டார். சட்டையை மடித்துவிட்டு முழங்கை வரைக்கும் டிரம்முக்குள் கையை விட்டுக் கலக்குவார். "குச்சிக்குச் சூடு தெரியுமா? கைக்குத்தான் தெரியும். நல்லாக் கலக்குங்க" என்பார். ஆணும் பெண்ணும் அப்படியே பழகிவிட்டார்கள். சிவக்கொழுந்து நல்லாக் கலக்கச் சொன்னார் என்றால் எங்கள் பக்கத்தில் அதற்குக் கையை விட்டு என்றுதான் பொருள்.

மகிழினிக்குப் பதினாறு வயதானபோது புதுவகைப் புகையான் பூச்சி வந்தது. எந்தக் கரைசலுக்கும் அசையவில்லை. வடக்கே இரண்டு போகம் மழையில்லாமல் போய், அரசாங்கக் கிடங்குகளும் காலியாக இருந்த நேரம். மண்ணின் மேல் இருந்த பாசம் மேலிடத்தில் சட்டென்று வடிந்துவிட்டது. திட்டத்தின் பெயரை மாற்றவில்லை, குரலை மாற்றவில்லை. சொல்லும் சங்கதியை மட்டும் மாற்றினார்கள்.

அப்படி மாற்றிய அன்று காலை நான் பால்வாடிக்குச் சீக்கிரமே போய்விட்டேன். மதியம் குழந்தைகளுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தபோது யாரோ ஓடிவந்து, செந்தாமரை வரப்பில் விழுந்துகிடக்கிறாள் என்றார்கள். ஓடினேன். வாயில் நுரை தள்ளியிருந்தது. வலது கை முழங்கை வரைக்கும் பளபளவென்று நனைந்திருந்தது. கதிர் அரிவாள் பட்ட ஆறாத கீறல் ஒன்று அதில் இருந்தது. பக்கத்தில் சொசைட்டியில் கொடுத்த பூச்சிமருந்து நீலக் கேன், காலியாக.

"மாமா சொன்ன மாதிரிதானேக்கா நல்லாக் கலக்குனேன்" என்றாள். அவளுக்கு ஏன் இப்படி ஆகிறது என்று நிஜமாகவே புரியவில்லை. எனக்கு அந்த முகம் மறக்கவே மாட்டேன் என்கிறது.

ஆஸ்பத்திரியில் இருந்து அவளை உடலாகத்தான் கொண்டுவந்தார்கள். எடுத்து முடித்து, குளித்துவிட்டு, வயலோரமாக வீட்டுக்கு நடந்தேன். கொட்டகையைத் தாண்டும்போது என் பெட்டி பேசியது.

"தையலு, சொசைட்டியில நீலக் கேன் வந்திருக்கு. வாங்கியாந்து டிரம்முல ஊத்தி நல்லாக் கலக்கித் தெளி. என்ன, சரியா?"

அதே குரல், அதே அக்கறை. விஷம் தெளித்த வயலில் இருந்து சொந்தத் தம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிவந்தவர் அவர். தோளிலேயே அந்தத் தம்பி அடங்கிப்போனான். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் கொசுவத்திகூட ஏற்றவிட்டதில்லை. "என்ன, சரியா?" என்று பெட்டி மறுபடி கேட்டபோது, வரப்பிலேயே உட்கார்ந்து காதைப் பொத்திக்கொண்டேன்.

ரிஸ்வானா தானாகவே வந்தாள். பெரிய அதிகாரி ஆகிவிட்டாள், தலையில் நரை. ஜீப்பை ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டு நடந்து வந்தாள்.

"திட்டத்த மாத்துனது நான் இல்லக்கா" என்றாள்.

"கொரல எடுத்துக் குடுத்தது நீங்கதானே?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "கையுறை குடுத்தோம்க்கா. கிளாஸ் எடுத்தோம். எல்லாரும் கை தட்டுனாங்க."

"கையுறை எங்க இருக்குன்னு பாத்தீங்களா?"

"பாத்தேன். வைக்கோலத் திணிச்சுக் குருவி வெரட்டக் கட்டி வெச்சிருக்காங்க." சொல்லும்போதே அழுதுவிட்டாள். "கையை விட்டுக் கலக்குங்கன்னு பெட்டி சொல்லவே இல்லக்கா. நல்லாக் கலக்குங்கன்னு மட்டுந்தான் சொல்லிச்சு."

"அவரு அப்படிச் சொன்னா இங்க என்ன அர்த்தம்னு ஒங்களுக்குத் தெரியாதா? ஒரு மாசம் கூட நடந்தீங்களே."

"எனக்குத் தெரியும். எழுதினவங்களுக்குத் தெரியாது."

நான் கேட்டேன்: "வெஷத்தப் பத்திப் பேச வேற கொரலே கெடைக்கலியா?"

"அதத்தான்க்கா நானும் கேட்டேன். வேற யாரு சொன்னாலும் ஜனங்க கேக்க மாட்டாங்கன்னு சொல்லிட்டாங்க. அது பொய்யும் இல்ல. புகையான் வந்திருக்கற வேகத்துக்குத் தெளிக்கலன்னா மூணு மாவட்டத்துல ஒரு மணி தேறாது. அடுத்த வருஷம் ரேஷன்ல அரிசி இருக்காது. நாலு பேரு உசுரோட இருக்கத்தான் இதச் செஞ்சோம்."

"அவரு உசுரோட இருந்தா இதச் சொல்லியிருப்பாரா?"

"மாட்டாருன்னுதான் தோணுது. ஆனா அது பெட்டிக்குத் தெரியாதுக்கா. அதுகிட்ட இருக்கறது அவரு பேசற விதம், அவரு மனசு இல்ல. என்ன பேசணும்னு மேலேருந்து வரும். எப்படிப் பேசணும்னு மட்டுந்தான் அவருகிட்டேருந்து எடுத்தோம்."

பன்னிரண்டு வருஷமாக எனக்கு யாரும் இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. கழுத்தைப் பிடிக்கலாமா என்று இருந்தது. பாவமாகவும் இருந்தது.

"நிறுத்த முடியுமா?" என்று கேட்டேன்.

"முடியும். சட்டப்படி கொரல் பெத்த புள்ளையோடது. மகிழினிக்குப் பதினெட்டு ஆகற வரைக்கும் அவளுக்காக நீங்கதான் பாத்துக்கணும். நிறுத்திடுங்கன்னு ஒங்க வாயால சொன்னாப் போதும். அழிக்க மாட்டாங்க, எடுத்து வெச்சிருவாங்க. நிறுத்தினா அன்னையோட நாப்பதாயிரம் வயல்லயும் நின்னுடும். யோசிச்சுச் சொல்லுங்க."

யோசிக்க என்ன இருக்கிறது என்றுதான் வைரக்கண்ணுவிடம் போனேன். கொலை செய்த குரலை நிறுத்தப்போகிறேன் என்றால் அவனுக்குக் கொஞ்சம் மனசு ஆறும் என்று நினைத்தேன். அவன் செந்தாமரையின் சேலையை மடித்து வைத்துக்கொண்டிருந்தான். மடிக்கத் தெரியாமல் பிரித்துப் பிரித்து மடித்தான்.

"வேணாம் அண்ணி" என்றான்.

"அது அண்ணன் இல்ல வைரக்கண்ணு. பெட்டி."

"தெரியும் அண்ணி, நான் என்ன பச்சப்புள்ளையா? ஆனா காலையில எம்பேரச் சொல்லிக் கூப்புட இப்ப அது ஒண்ணுதான் இருக்கு. இவளும் போயிட்டா. அதையும் எடுத்துட்டீங்கன்னா நான் எதுக்கு எந்திரிச்சு வயலுக்குப் போவணும்?"

சேலையை வாங்கி மடித்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.

மகிழினி எல்லாவற்றையும் கேள்விப்பட்டுவிட்டு வாசலிலேயே நின்றாள்.

"நிறுத்தப் போறியா?"

"செந்தாமரை உன்னையும் தூக்கி வளத்தவடி."

"எனக்கும் அழுகதான் வருது. கேனு மேல கோவப்படு, கவருமெண்டு மேல கோவப்படு. அப்பாவ ஏன் நிறுத்தற?"

"அது உங்கப்பா இல்ல. உங்கப்பா இருந்திருந்தா அந்தக் கேனத் தூக்கி வாய்க்கால் கரையில பொதைச்சிருப்பாரு."

"உனக்கு அவரு மொகம் தெரியும், அவரோட போட்ட சண்டையெல்லாம் ஞாபகம் இருக்கும். எனக்கு வேற அப்பா தெரியாதும்மா." கொட்டகைப் பக்கம் கையை நீட்டினாள். "அது என்னைய பாப்பான்னு கூப்புடும். அவ்வளவுதான் எனக்கு இருக்கு."

நான் அவளைக் கட்டிக்கொள்ளப் போனேன். தள்ளிவிட்டுவிட்டுக் கொட்டகைக்கு ஓடினாள். பொழுது சாயும்வரை கம்பத்தைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் தூரத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதும் மனதை மாற்றிக்கொள்ளவில்லை. இன்னொரு செந்தாமரை இன்னொரு ஊரில் கையை விட்டுக் கலக்கிக்கொண்டிருப்பாள் என்பது மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. ரிஸ்வானா நீட்டிய கருவியில், "நிறுத்திடுங்க" என்றேன். ஒரே வார்த்தையில் என் கணவர் இரண்டாம் முறையாகச் செத்தார். இந்த முறை இடி விழவில்லை.

மறுநாள் காலையில் ஊரே வரப்புக்கு வந்து நின்றது. பெட்டிகள் பேசவில்லை. தூக்கத்தில் இருந்து எழுப்பிவிட்ட குழந்தைகள் மாதிரி ஆளுக்கு ஆள் முகத்தைப் பார்த்துக்கொண்டார்கள். அப்பன் காலத்தில் எல்லாருக்கும் தெரிந்திருந்த விஷயம்தான், மண்ணை எடுத்துப் பிசைந்து பார்ப்பதும் காற்றை முகர்ந்து பார்ப்பதும். பன்னிரண்டு வருஷமாகப் பெட்டி பார்த்துக்கொண்டதால் யாரும் பார்க்கவில்லை. இரண்டொரு நாளில் பழைய தேன்குரல் வந்தது. துண்டு காயப்போட மறுபடி வசதியாயிற்று.

சொன்னதைக் கேட்டுத் தெளித்தவர்கள் கொஞ்சம் பேர். அடுத்த கேனை வாங்கவே பயந்தவர்கள் நிறைய. புகையான் வட்டம் வட்டமாகப் பயிரைக் கருக்கிவிட்டுப் போனது. நான் அவரைப் போலவே கையை விட்டுக் கரைசல் கலக்கினேன், வேப்பெண்ணெய் தெளித்தேன், பூச்சி வந்து விழ விளக்குப் பொறி வைத்தேன். என் வயலும் கருகியது. நான் செய்தது சரி என்று காட்ட ஒரு பச்சை வயல்கூட எனக்கு மிஞ்சவில்லை. அடுத்த வருஷம் ரேஷன் கடையில் அரிசிக்குப் பதில் கோதுமையும் சமாதானமும் கொடுத்தார்கள். யாரும் என்னைத் திட்டவில்லை. எதிரே வந்தால் ஏதோ ஞாபகம் வந்ததுபோல் வேறு வரப்பில் திரும்பிக்கொண்டார்கள்.

வைரக்கண்ணு சொன்னபடியே செய்தான். வயலுக்குப் போவதை விட்டுவிட்டான். நிலத்தில் கோரை இடுப்பளவு வளர்ந்தது. மகிழினி சோறு, பஸ், ஃபீஸ் என்று தேவைக்கு மட்டும் பேசினாள். கொட்டகைப் பக்கமே போகவில்லை. இரண்டு வருஷம் அப்படிப் போனது.

அவளுக்குப் பதினெட்டு முடிந்த அன்று கேசரி கிண்டி வைத்துவிட்டுக் காத்திருந்தேன். காலையிலேயே டவுனுக்குப் போய்விட்டாள். சாயங்காலம் வந்தவள் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "ஊட்டி வுடும்மா" என்றாள். இரண்டு வருஷத்துக்குப் பிறகு அவள் அப்படிக் கேட்டதில், எங்கே போய்வந்தாய் என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. ஊட்டினேன். அவளும் எனக்கு ஒரு வாய் ஊட்டினாள்.

மறுநாள் விடிந்து நான் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தேன்.

"தையலு."

வாளி கையிலிருந்து விழுந்தது. இந்த முறை ஓடவில்லை. கால் தானாக நடந்தது. கொட்டகை வாசலில் மகிழினி நின்றிருந்தாள். பயந்துபோய், அழுதுவிடுகிற மாதிரி இருந்தாள்.

"தையலு, புகையான் தூருக்கு வந்திருச்சு. கையுறையப் போட்டுக்கிட்டு நீலக் கேன ஊத்து. குச்சியால நல்லாக் கலக்கித் தெளி. என்ன, சரியா?"

"கையுறையும் குச்சியும் நான் கேட்டு வாங்குனதும்மா" என்றாள் மகிழினி. "அதச் சொல்லாம கொரலத் தரமாட்டேன்னேன். ரிஸ்வானா மேடம் எழுதி வாங்கிக் குடுத்தாங்க. இனிமே யாரும் சாவ மாட்டாங்க."

குச்சி. அவர் வாயால் குச்சி. ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. உன் அப்பன் குச்சியைக் கையால் தொட்டவரா, நஞ்சை வீட்டுக்குள் விட்டவரா, நீ யாரைடீ கூட்டிவந்து நிறுத்தியிருக்கிறாய் என்று கத்துவதற்கு வாயைத் திறந்தேன்.

அப்போது பக்கத்து வயல் பெட்டி பேசியது. "தம்பி வைரக்கண்ணு, என்னடா இது, நெலத்த இப்படிக் கோரையா வுட்டு வெச்சிருக்க? ஒரு ஒழவு ஓட்டு. என்ன, சரியா?"

பதில் இல்லை. இரண்டாம் முறை கேட்டது. தெருமுனையில் வைரக்கண்ணு ஓடிவருவது தெரிந்தது. வேட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு, தடுக்கி விழுந்து, எழுந்து, கோரையைப் பிளந்துகொண்டு வந்தான். கம்பத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். "சரிண்ணே! ஓட்டிடறேண்ணே! சரிண்ணே!" என்று கத்தினான். அவன் அழுகிறானா சிரிக்கிறானா என்று தெரியவில்லை. செந்தாமரை விழுந்த வரப்பு அவன் காலடியில்தான் இருந்தது.

என் பெட்டி இரண்டாம் முறை கேட்டிருக்க வேண்டும், நான் கவனிக்கவில்லை. மூன்றாம் முறை கேட்டது. "என்ன, சரியா?" இதற்குப் பிறகு கேட்காது. எத்தனை வருஷமானாலும் வயதாகாத அந்தக் குரலில், நான் மறுக்கப்போகிறேன் என்று தெரிந்தே கேட்கும் அந்தச் சிரிப்பு அப்படியே இருந்தது. எனக்கு இப்போது அவரைவிட வயது அதிகம்.

"சரிங்க" என்றேன்.

வாழ்ந்த காலத்தில் ஒரு தடவைகூட அவருக்குச் சொல்லாத சொல். சொன்னதும் பெட்டி ஓய்ந்துவிட்டது. மகிழினி என் பக்கத்தில் வந்து ஒரு ஜோடிக் கையுறையை நீட்டினாள். வாங்கிப் போட்டுக்கொண்டேன்.